பழைய விளையாட்டுப் பெட்டி புதிய டெலிவிஷனில் மங்குவது ஏன்?

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய 3 மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது, ஜவ்வாது மலை. சாமைக்கும் தேனுக்கும் பெயர் போன மலை. பீமன் அருவியைப் பார்க்க ஜமுனாமரத்தூருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் ஏராளம்.

இந்த மலையிலும் டெலிவிஷன் உண்டு. 2006-ம் ஆண்டு தமிழக அரசு இலவச கலர் டெலிவிஷன் திட்டத்தைத் தொடங்கியது. கொடுத்தது 14 அங்குலப் பெட்டி. முதுகு புடைத்த பெட்டி. மலை என்றும் சமவெளி என்றும் பாராமல், தமிழகம் முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அது கிடைத்தது. அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்த குழந்தைகள், சொந்த வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்தப் பெட்டியில் சினிமா மட்டுமா பார்க்கலாம்? விளையாடவும் செய்யலாம்! சந்தையிலோ, டவுன் கடையிலோ ஒரு 'வீடியோ கேம்' பெட்டி வாங்கி, கம்பியைச் சொருகினால் போதும். மரியோ ஓடுவான். துப்பாக்கி வீரர்கள் குதிப்பார்கள். வீடே கலகலக்கும்.

காலம் மாறிவிட்டது. முதுகு புடைத்த பெட்டி போய், தட்டை டெலிவிஷன் சுவரில் ஏறிவிட்டது. "நான் சின்ன வயதில் விளையாடியது இதுதான்" என்று மகனுக்குக் காட்ட, பரணில் கிடந்த விளையாட்டுப் பெட்டியைத் தூசி தட்டி எடுக்கிறார் அப்பா. புதிய டி.வி.யில் இணைக்கிறார்.

படம் வருகிறது. ஆனால், என்ன படம் அது! மரியோ பக்கவாட்டில் உப்பிப் போயிருக்கிறான். எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன. சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டி வழிகிறது. பொத்தானை அமுக்கினால், ஒரு கணம் கழித்துத்தான் பொம்மை தாவுகிறது. அதற்குள் அது பள்ளத்தில் விழுந்து செத்துப் போகிறது!

"பெட்டி கெட்டுப் போச்சு" என்று அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

பொறுங்கள்! பெரும்பாலும் அந்தப் பெட்டி கெட்டிருக்காது. டி.வி.யும் கெட்டிருக்காது. ஒன்று பேசும் பாஷை மற்றதற்குப் புரியவில்லை. அவ்வளவுதான். இரண்டையும் பேச வைக்க வழி இருக்கிறது. பாதி வழிகளுக்குக் காலணா செலவு கிடையாது.

ஜப்பானில் பிறந்தது

1983-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி. ஜப்பான் நாட்டின் நிண்டெண்டோ கம்பெனி, 'பேமிகாம்' என்ற விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மசாயுகி உயெமுரா என்ற என்ஜினீயர் அதை வடிவமைத்தார்.

அது உலகையே ஆட்டி வைத்தது. அதைப் பார்த்து அதே மாதிரி பெட்டிகளைப் பல நாடுகளில் செய்தார்கள். நம் ஊருக்கு வந்தவை பெரும்பாலும் அந்த நகல் பெட்டிகளே. 'மைக்ரோ ஜீனியஸ்', 'மீடியா' போன்ற பெயர்கள் நினைவிருக்கிறதா? சென்னை பர்மா பஜாரிலும், ரிச்சி தெருவிலும் அவை குவிந்து கிடந்தன. மேலே ஒரு 'கேசட்' சொருக வேண்டும். அதன் அட்டையில், "9,99,999 விளையாட்டுகள்" என்று போட்டிருக்கும். உள்ளே பார்த்தால், சில விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வரும்!

பிறகு சேகா வந்தது. 1994-ல் சோனி கம்பெனியின் 'பிளே ஸ்டேஷன்' ஜப்பானில் வெளிவந்தது. இவை எல்லாமே ஒரு காரியத்தில் ஒற்றுமையானவை. முதுகு புடைத்த பெட்டி டி.வி.க்காகவே பிறந்தவை. தட்டை டி.வி. என்று ஒன்று வீட்டுக்கு வீடு வரும் என்பதை அவை அறியா.

புள்ளிக் கோலம்

படம் ஏன் மங்குகிறது? அதற்கு முதலில் ஒரு புள்ளிக் கோலத்தை மனதில் நிறுத்திக் கொள்ளுங்கள்.

டி.வி. படமும் ஒரு புள்ளிக் கோலம்தான். பேமிகாம் வைக்கும் கோலத்தில், வரிசைக்கு 256 புள்ளிகள். மொத்தம் 240 வரிசைகள். பெருக்கிப் பாருங்கள். 61 ஆயிரத்து 440 புள்ளிகள்!

அதிகம் என்று தோன்றுகிறதா? இன்றைய 'புல் எச்.டி.' டி.வி.யில் வரிசைக்கு 1,920 புள்ளிகள். 1,080 வரிசைகள். மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. '4கே' டி.வி.யிலோ 82 லட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளிகள்!

பழைய பெட்டி 1 புள்ளி கொடுக்கிறது. '4கே' டி.வி.யில் அந்த 1 புள்ளிக்கு 135 இடங்கள் இருக்கின்றன. மீதி 134 இடங்களை யார் நிரப்புவது?

டி.வி.யே நிரப்புகிறது. எப்படி? ஊகம் செய்து! பக்கத்தில் சிவப்பு இருக்கிறது, அந்தப் பக்கம் நீலம் இருக்கிறது, நடுவில் ஊதா இருக்கட்டும் என்று அதுவாகப் பூசி விடுகிறது. மனித முகத்துக்கும் மலைக்காட்சிக்கும் இந்தப் பூச்சு அழகாக இருக்கும். கட்டம் கட்டமாக வரைந்த பொம்மைக்கு அது ஆகாது. வாசலில் போட்ட கோலத்தை ஈரத் துணியால் தேய்த்தது போல ஆகிவிடும்.

ஒரு வரி விட்டு ஒரு வரி

முதுகு புடைத்த பெட்டி எப்படிப் படம் போட்டது?

அதன் பின்புறம், கழுத்துப் போன்ற குழாய் ஒன்று இருக்கும். அதிலிருந்து எலெக்ட்ரான் கதிர் பாய்ந்து வரும். திரையின் உள்பக்கம் ஒளிரும் பொடி பூசியிருப்பார்கள். கதிர் பட்ட இடம் ஒளிரும். ஏர் பிடித்தவர் வயலில் சால் ஓட்டுவது போல, கதிர் இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியாக ஓடிப் படத்தை வரையும்.

நம் நாட்டு டி.வி. முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் வரைவதில்லை. முதலில் 1, 3, 5 என்று ஒற்றை வரிகள். அடுத்து 2, 4, 6 என்று இரட்டை வரிகள். வினாடிக்கு 50 முறை இப்படி மாறி மாறி வரையும். இரண்டு பாதிகளும் சேர்ந்து, நம் கண்ணுக்கு ஒரே படமாகத் தெரியும்.

இங்கேதான் விளையாட்டுப் பெட்டி செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். "எனக்குப் பாதி வரிகள் போதும். அவற்றையே ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வரை" என்று டி.வி.க்குக் கட்டளையிட்டார்கள். டி.வி.யும் பேசாமல் வரைந்தது. வரிக்கும் வரிக்கும் நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளிதான் பொம்மைகளுக்குக் கூர்மை தந்தது! ஆட்டமும் அதிர்வில்லாமல் இருந்தது.

புதிய டி.வி. செய்யும் தவறு

தட்டை டி.வி.யில் கதிர் கிடையாது.  முழுப் படம் கையில் கிடைத்தால்தான் அது திரையில் காட்டும்.

பழைய பெட்டியிலிருந்து பாதி வரிகள் வருகின்றன. பல புதிய டி.வி.க்கள், "இது பாதிப் படம். மீதிப் பாதி பின்னால் வருகிறது" என்று தப்புக் கணக்குப் போடுகின்றன. அடுத்த படம் வரும் வரை காத்திருந்து, இரண்டையும் கோத்துக் காட்டுகின்றன. அவை இரண்டும் ஒரே படத்தின் பாதிகள் அல்ல, தனித்தனிப் படங்கள்! ஓடுகிற மரியோவின் ஓரங்கள் சீப்புப் பல் போலப் பிய்ந்து தெரிவது இதனால்தான்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். பேமிகாமில் ஒரே வரியில் 8 உருவத் துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. கூட்டம் அதிகமானால், உருவங்களை மாற்றி மாற்றி மினுக்கிக் காட்டும்படி விளையாட்டை எழுதியவர்கள் ஏற்பாடு செய்தார்கள். பழைய டி.வி.யில் அது லேசான மினுமினுப்பாகத் தெரிந்தது. புதிய டி.வி.யில் அந்த உருவங்கள் கோடு கோடாகப் பிளக்கலாம். சில நேரம் அடியோடு காணாமலும் போகலாம்!

தாமதம் இன்னொரு தொல்லை. படத்தை வாங்கி, அலசி, பூசி, பெரிதாக்கிக் காட்ட டி.வி.க்கு நேரம் பிடிக்கிறது. சில டி.வி.க்களில் அது ஒரு வினாடியில் 10-ல் ஒரு பங்கை நெருங்கும். சினிமாவுக்கு அது தெரியாது. பள்ளத்தைத் தாண்டும் விளையாட்டில் அதுவே உயிரை வாங்கிவிடும். பையனின் கை மெதுவானது அல்ல. டி.வி. மெதுவானது!

மஞ்சள் கம்பியின் கதை

விளையாட்டுப் பெட்டியின் பின்னால் மஞ்சள் நிறக் கம்பி ஒன்று இருக்கும். படம் அதன் வழியாகத்தான் போகிறது. வெள்ளைக் கம்பியும், சிவப்புக் கம்பியும் சத்தத்துக்கு உரியவை.

அந்த ஒற்றை மஞ்சள் கம்பிக்குள் வெளிச்சம், நிறம் இரண்டும் கலந்து போகின்றன. பாலும் தண்ணீரும் கலந்த பிறகு பிரிப்பது போல, டி.வி. அவற்றைப் பிரிக்க வேண்டும். முழுவதும் பிரிக்க முடிவதில்லை. அதனால்தான் நிறம் கோட்டைத் தாண்டி வழிகிறது. ஓரங்களில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் ஊர்கின்றன.

இதற்கு மாற்று உண்டு. 'எஸ்-வீடியோ' கம்பியில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியே போகும். 'ஆர்.ஜி.பி.' முறையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிப் பாதையில் போகும். சேகாவிலும் பிளே ஸ்டேஷனிலும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அதற்கு ஏற்ற கம்பி வாங்கினால் படம் பளிச்சென்று மாறும். மலிவான நகல் பெட்டிகளில் மஞ்சள் கம்பியே கதி.

மஞ்சள் கம்பியைத் திட்டியே தீர்க்கவும் முடியாது. 1991-ல் வந்த 'சோனிக்' விளையாட்டில் ஒரு நீர்வீழ்ச்சி வரும். உண்மையில் அது கோடு விட்டு கோடு வரைந்த வெறும் கம்பிக் கோலம். மஞ்சள் கம்பி வழியாகப் போகும்போது கோடுகள் ஒன்றோடு ஒன்று கரைந்து, பின்னால் உள்ள பாறை தெரியும் கண்ணாடித் தண்ணீராக மாறிவிடும்! கம்பியின் குறையைத் தெரிந்து வைத்துக் கொண்டு, அதையே அழகாக்கினார்கள் ஓவியர்கள். படம் கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது, வரைந்தவர் நினைத்தபடி இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

செலவில்லாத வைத்தியம்

டி.வி.யின் ரிமோட்டை எடுங்கள். 'பிக்சர்' என்ற பகுதிக்குப் போங்கள். கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

முதலாவது: படத்தின் அளவை '4:3' என்று வையுங்கள். பழைய படம் 4 பங்கு அகலம், 3 பங்கு உயரம் கொண்டது. புதிய திரையோ 16-க்கு 9. அப்படியே இழுத்துப் பரப்பினால், எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள்! 4:3 வைத்தால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும். மரியோ இளைத்துப் பழைய உருவத்துக்கு வந்துவிடுவான்.

இரண்டாவது: 'கேம் மோட்' என்று இருந்தால் அதைப் போடுங்கள். டி.வி. தன் பூச்சு வேலைகளில் பலவற்றை நிறுத்திவிடும். தாமதம் குறையும். பையன் பள்ளத்தைத் தாண்டுவான்.

மூன்றாவது: 'ஷார்ப்னஸ்' என்பதைக் குறையுங்கள். கூர்மையைக் குறைத்தால் படம் மங்காதா என்று கேட்கலாம். இது இல்லாத கூர்மையை உண்டாக்க, ஓரங்களில் வெள்ளைக் கோடு போடும் வேலை. அந்த வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

நான்காவது: 'நாய்ஸ் ரிடக்ஷன்', 'மோஷன்' என்ற பெயரில் உள்ளவற்றை நிறுத்திவிடுங்கள். இவை சினிமாவுக்காக ஏற்பட்டவை.

ஐந்தாவது: படம் கறுப்பு வெள்ளையாக வருகிறதா? பதற வேண்டாம். 'கலர் சிஸ்டம்' என்ற இடத்தில் 'பால்', 'என்.டி.எஸ்.சி.' என்று மாற்றிப் பாருங்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒரு முறை, நம் நாட்டில் வேறு முறை. நகல் பெட்டிகளில் இரண்டும் உண்டு. பல டி.வி.க்களில் மஞ்சள் கம்பியைப் பச்சைத் துளையில் சொருக வேண்டியிருக்கும். அப்போது 'ஏ.வி.' என்ற இடத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும் நிறம் வராது.

ஆறாவது வைத்தியம் மிகவும் எளிது. நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போடுங்கள்! அன்று பார்த்தது 14 அங்குலத் திரை. இன்று 43 அங்குலத் திரைக்கு முன், அதே தூரத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு கட்டமும் செங்கல் போலத் தெரியும். எட்டி உட்கார்ந்தால் புள்ளிகள் ஒன்று சேர்ந்து உருவமாகும். கோலத்தின் முழு அழகும் எழுந்து நின்று பார்த்தால்தானே தெரிகிறது!

காவலூர் சொல்லும் பாடம்

பழைய கருவியிலிருந்து நல்ல படம் வாங்குவது எப்படி என்பதற்கு, ஜவ்வாது மலையிலேயே ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது. அதுதான் காவலூர் வான ஆராய்ச்சிக் கூடம்.

1972-ல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1977-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி, ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் கிரகம் மறைத்தது. அப்போது நட்சத்திர ஒளி விட்டு விட்டு மங்கியதை உலகில் சில இடங்களில் கண்டார்கள். அவற்றில் காவலூரும் ஒன்று. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பது அதனால் தெரிய வந்தது. 1986-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி அங்கே தொடங்கி வைத்தார். அதற்கு விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள்.

வான ஆராய்ச்சியில் முன்பு கண்ணாடித் தகட்டில் புகைப்படம் எடுப்பார்கள். நூறு ஒளித்துகள் வந்து விழுந்தால், தகடு இரண்டு மூன்றைத்தான் பிடித்துக் கொள்ளும். பிறகு மின்னணுக் கேமரா வந்தது. அது நூற்றுக்கு எண்பதுக்கு மேலும் பிடிக்கும். தொலைநோக்கி அதேதான். வாங்கிக் கொள்ளும் கருவி மாறியதும் படம் மாறியது.

இன்னொன்றும் கவனியுங்கள். எடுத்த படத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும், அதில் இல்லாத நட்சத்திரம் முளைக்காது. இல்லாததை ஊகித்து நிரப்பினால் அது விஞ்ஞானம் ஆகாது.

விளையாட்டுப் பெட்டிக்கும் இதே பாடம்தான். பெட்டியை மாற்ற வேண்டாம். அது தருவதைச் சரியாக வாங்கிக் கொள்ளும் கருவி ஒன்று நடுவில் இருந்தால் போதும்.

நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்

புதிய டி.வி.க்களில் 'எச்.டி.எம்.ஐ.' என்ற துளை இருக்கிறது. மஞ்சள் கம்பியை அதற்கு மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டிகள், கடைகளில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. வாங்குமுன் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். இவற்றில் பெரும்பாலானவை, புதிய டி.வி. செய்யும் அதே தவறைத்தான் செய்கின்றன. பாதி வரிகளைத் தவறாகக் கோக்கின்றன. படத்தையும் அகலமாக இழுக்கின்றன. டி.வி.யில் மஞ்சள் கம்பிக்குத் துளையே இல்லாதபோது இவை உதவும். படத்தை அழகாக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

இந்த வேலைக்கென்றே செய்த கருவிகளும் உண்டு. 'ரெட்ரோடிங்க்', 'ஓ.எஸ்.எஸ்.சி.' என்பவை அவற்றில் பெயர் பெற்றவை. இவை பழைய பெட்டியின் பாஷையை அறிந்தவை. பாதி வரிகள் வந்தால், "இதுவே முழுப் படம்" என்று புரிந்து கொள்ளும். ஒவ்வொரு வரியையும் பூசி மெழுகாமல் இரண்டாக, நான்காக அப்படியே பெருக்கும். 240 வரிகளை 4 மடங்காக்கினால் 960. திரையில் 1,080 வரிகள். மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பாக விட்டுவிடும். கோலம் கலையாது. சில கருவிகள், பழைய கறுப்பு இடைவெளிகளைக்கூடப் போட்டுக் காட்டும்!

விலைதான் கசக்கும். ஆயிரக்கணக்கில் ஆகும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியும் சேரும். வாரத்துக்கு ஒரு நாள் விளையாடும் குடும்பத்துக்கு, மேலே சொன்ன செலவில்லாத வைத்தியங்களே போதும்.

நிண்டெண்டோ கம்பெனியே 2016-ல் பழைய விளையாட்டுகளை உள்ளடக்கிச் சின்னப் பெட்டி ஒன்றை வெளியிட்டது. அது நேராக எச்.டி.எம்.ஐ.யில் சேரும். அதில், பழைய டி.வி. மாதிரியே படத்தைக் காட்டும் வசதியையும் வைத்தார்கள். மக்கள் தேடுவது எதை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது!

சுட்டாலும் விழாத வாத்து

எந்த வைத்தியத்துக்கும் கட்டுப்படாத விளையாட்டு ஒன்று உண்டு. அது வாத்து சுடும் விளையாட்டு.

துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை. அதன் வாயில் ஒளியைப் பார்க்கும் கண் ஒன்று இருக்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுக்கும். மறுகணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டால், வாத்து விழும்.

பழைய டி.வி. இதை உடனே காட்டியது. புதிய டி.வி.யோ தாமதித்துக் காட்டுகிறது. துப்பாக்கி பார்த்து முடித்த பிறகுதான் வெள்ளைக் கட்டம் வருகிறது. ஆகவே எத்தனை முறை சுட்டாலும் வாத்து விழாது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பிரித்துப் போடாதீர்கள். முதுகு புடைத்த டி.வி. முன் வைத்தால் அது ஒழுங்காகச் சுடும்.

ஊதாதீர்கள்!

படம் கோணல் மாணலாக வந்தால், கேசட்டைக் கழற்றி 'பூ' என்று ஊதி மறுபடி சொருகுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த மந்திரம். உண்மையில் ஊதியதால் படம் வருவதில்லை. கழற்றிச் சொருகியதால் வருகிறது! வாயின் ஈரம் பட்டு, செம்புப் பற்கள் நாளடைவில் களிம்பு பிடிக்கும். ஊத வேண்டாம் என்று நிண்டெண்டோ கம்பெனியே எச்சரித்திருக்கிறது.

பஞ்சுக் குச்சியில் 'ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்' தொட்டு, பற்களை மெதுவாகத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சொருகுங்கள். அது தீப்பற்றும் பொருள். அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

படத்தில் கோடுகள் மேலும் கீழும் நகர்கின்றனவா? 'அடாப்டரை'ச் சந்தேகியுங்கள். பழைய அடாப்டர் போய்விட்டது என்று கையில் கிடைத்ததைச் சொருகக் கூடாது. எத்தனை வோல்ட், நடு முனை 'பிளஸ்'ஸா, 'மைனஸ்'ஸா என்பதைப் பெட்டியின் அடியில் பார்த்து, அதே மாதிரி வாங்க வேண்டும். மாறினால் பெட்டி புகைந்துவிடும்.

மலைப் பகுதியில் இடி மின்னலும் அதிகம். மழை கட்டினால் விளையாட்டை நிறுத்தி, மின்சாரப் 'பிளக்'கையே பிடுங்கிவிடுங்கள்.

பழைய டி.வி.யை என்ன செய்வது?

வீட்டில் முதுகு புடைத்த டி.வி. இன்னும் ஓடுகிறதா? பழைய விளையாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான திரை கிடையாது. இடம் இருந்தால் வைத்துக் கொள்ளுங்கள்.

ஓடவில்லையா? ஒருபோதும் வீட்டில் பிரிக்காதீர்கள். அதன் குழாயில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல் மின்சாரம் பாயும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கி நிற்கும். தொட்டவரைத் தூக்கி அடிக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. செம்புக்காக அதை உடைத்து, ஓடையோரம் வீசினால், ஈயம் மண்ணில் சேரும். அந்தத் தண்ணீரைக் குடிப்பது நம் குழந்தைகளும் கால்நடைகளும்தான். இந்தியாவில் 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல், புதிய மின்னணுக் கழிவு விதிகள் அமலில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களிடம் ஒப்படைப்பதே முறை.

சிக்னல் தேவையில்லை

இத்தனை பாடு எதற்கு, செல்போனில் ஆயிரம் விளையாட்டு இருக்கிறதே என்று கேட்கலாம்.

செல்போன் விளையாட்டு பலவற்றுக்கு 'சிக்னல்' வேண்டும். மலைக் கிராமங்களில் அதைத் தேடி மேட்டுக்கு ஏற வேண்டியிருக்கும். 'ரீசார்ஜ்' செய்ய வேண்டும். நடுவே விளம்பரம் வரும். "பணம் கட்டினால் அடுத்த கட்டம்" என்று அது குழந்தையிடம் கைநீட்டும்.

பழைய பெட்டி எதையும் கேட்காது. கேசட்டைச் சொருகினால் விளையாட்டு. அதற்கு இரண்டு கைப்பிடிகள் உண்டு. அண்ணன் ஒன்றைப் பிடிப்பான். தங்கை ஒன்றைப் பிடிப்பாள். ஒருவர் தோற்றால் மற்றவர் சிரிப்பார். தாத்தா நடுவர்!

பெட்டியைக் காயலான் கடைக்குத் தூக்கிக் கொண்டு போகுமுன், ரிமோட்டை எடுத்து '4:3' என்று ஒரு முறை மாற்றிப் பாருங்கள். 61 ஆயிரத்து 440 புள்ளிகளும் அதற்குள் பத்திரமாக இருக்கின்றன.